எண்ணெயும் தண்ணீரும் எழிலரசியும்

எழிலரசிக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, ஆறிப்போன டீ. மற்றது, தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள். ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் இரண்டாவது வகைக்குப் பஞ்சமே கிடையாது. அதனால் அவளுக்குச் சண்டைக்கும் பஞ்சம் வந்ததில்லை. அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கீப்பர். எண்ணெய், சாயம், குரோம், கையுறை என்று கேட்டதை எடுத்துக் கொடுப்பவன். பள்ளிக்கூடத்தில் வேதியியலைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவன். ஆகவே இதில் வரும் வேதியியல் எல்லாம் அவள் சொன்னது. தப்பு இருந்தால் அது நான் கேட்ட லட்சணம்.

அவளுக்குச் சொந்த ஊர் கணியம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, கடலை பிடுங்கி அவளை வளர்த்தார்கள். வேலூருக்குப் பஸ் ஏறிப் போய் பி.எஸ்சி. வேதியியல் படித்தாள். ஏன் வேதியியல் என்று ஒருநாள் கேட்டேன். பெரிய கதை ஏதோ வருமென்று பார்த்தால், "கம்ப்யூட்டர்ல சீட்டு முடிஞ்சி போச்சி சார்" என்றாள். இப்படி வேண்டா வெறுப்பாகப் போய்ச் சேர்ந்தவளை முதல் வருஷமே பிடித்து உட்கார வைத்தது தண்ணீர்.

நாம் குடிக்கிற தண்ணீர்தான். அதன் ஒரு மூலக்கூறில் ஒரு ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் இருப்பது எனக்கே தெரியும். மூன்றும் தங்கள் எலக்ட்ரான்களைக் கூட்டாக வைத்துக்கொண்டுதான் ஒட்டியிருக்கின்றன. ஆனால் அது நியாயமான கூட்டு இல்லையாம். ஆக்சிஜன் தன் பக்கம் கொஞ்சம் அதிகமாக இழுத்துக்கொள்கிறது. அதனால் அந்தப் பக்கம் லேசாக எதிர்மின் சுமையும், ஹைட்ரஜன்கள் இருக்கும் பக்கம் லேசாக நேர்மின் சுமையும் தங்கிவிடுகின்றன. ஒரு மூலக்கூறின் நேர்ப்பக்கம் அடுத்ததன் எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். தனியாகப் பார்த்தால் சொத்தைப் பிடி. கோடிக்கணக்கில் சேர்ந்தால் அதுதான் ஆறாக ஓடுகிறது.

"அந்த ஆக்சிஜன் பண்ற ஓரவஞ்சனையிலதான் சார் உங்க ரத்தம், என் தோலு எல்லாம் ஓடுது" என்றாள். "எண்ணெய் அப்படி இல்ல. கார்பனும் ஹைட்ரஜனும் ஏறக்குறைய சமமா பங்கு போட்டுக்கும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஒண்ணும் கெடையாது. பிடிக்க எடமில்லாத ஆள தண்ணி இன்னா பண்ணும்? ஒதுக்கி வெச்சிடும்."

படிப்பு முடிந்ததும் எங்கள் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். அங்கே அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, பதப்படுத்திய தோலில் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. தோல் என்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு மாதிரி. ஒவ்வொரு புரியும் உள்ளுக்குள் பலமான பிணைப்பால் ஆனது. மூன்று புரிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்தச் சொத்தை ஹைட்ரஜன் பிணைப்புகள்தான். பச்சைத் தோலைச் சூடு பண்ணினால் அவை கை விட்டுவிடும். தோல் சுருங்கிப் பசையாகிவிடும். பதப்படுத்துகிற மருந்தான குரோமைப் போட்டால் அது ஒரு புரிக்கும் இன்னொரு புரிக்கும் நடுவே குறுக்காக முடிச்சுப் போடுகிறது. அப்புறம் கொதிநீரில் போட்டாலும் தோல் அசையாது. சுருங்கினால் பதம் போதவில்லை, திரும்ப டிரம்முக்குப் போ என்று அர்த்தம்.

டிரம் என்றால் ஒரு அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய். அதற்குள் தோலும் தண்ணீரும் மருந்தும் சேர்ந்து உருளும். டிரம் ஷெட்டிலிருந்து தோல் துண்டை எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவன் நவநீதன். விரிஞ்சிபுரத்துக்காரன், டிரம் ஓட்டுபவன். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். அவன் கொண்டுவரும் துண்டுகள் சுருங்காதபோது அவள் சிரிப்பாள், சுருங்கும்போது திட்டுவாள். இரண்டுக்கும் அவன் ஒரே மாதிரி தலையாட்டுவான். கொஞ்ச நாளில் இருவருக்கும் கல்யாணம் ஆனது. காதல் கல்யாணமா என்று கேட்டால் இருவரும் இல்லை என்பார்கள். வீட்டில் பார்த்து முடித்தது என்பார்கள். வீட்டில் பார்க்கச் சொன்னது யார் என்று மட்டும் கேட்கக்கூடாது.

நவநீதனுக்குச் சாமி நம்பிக்கை ஜாஸ்தி. அதைவிட ஜாஸ்தி கண் திருஷ்டியில். புது வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழம், புதுச் சட்டை போட்டால் கறுப்புக் கயிறு. எழிலரசிக்கு நல்லது எது நடந்தாலும் கல்லுப்பைக் கையில் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரில் போட வருவான். உப்பு கரைகிற மாதிரி திருஷ்டியும் கரைந்துவிடுமாம். அவள் நிற்க மாட்டாள்.

"யாரு கண்ணு வெச்சாங்கன்னு சோடியம் குளோரைடுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். அவன் உப்பைத் திரும்ப ஜாடியில் போட்டு வைப்பான்.

போன வருஷம் டிரம் ஷெட்டின் இன்சார்ஜ் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு எழிலரசியைப் போடலாம் என்றார் எங்கள் டெக்னிகல் மேனேஜர் ரஷீத் அஹமது. பெண்கள் பரிசோதனைக் கூடத்தில் இருப்பார்கள், தைக்கிற இடத்தில் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள்; டிரம் ஷெட்டுக்கு ஒரு பெண் பொறுப்பு ஏற்றது எங்கள் தொழிற்சாலையில் அதுவரை இல்லை. முதலாளி வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஷூவின் மேல்பகுதிக்கு மெத்தென்ற ஆட்டுத் தோல் ஒரு டிரம். மருந்து அளவு முதல் எண்ணெய் வரை அவள் மட்டுமே பார்க்க வேண்டும். சரியாக வந்தால் பதவி அவளுக்கு. வராவிட்டால் திரும்பவும் கொதிநீர்ப் பாத்திரம்தான்.

ஷெட்டில் இருந்தவர்கள் அவளை விட்டுவிட்டு நவநீதனைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலும் துரைசாமி என்று ஒருவர். பக்கத்து டிரம்மைப் பார்ப்பவர், வாய் ஓயாதவர்.

"இன்னா மச்சான், இனிமே லீவு வேணும்னா மேடம்னு கூப்ட்டுத்தான் கேக்கணும் போலக்கீதே? வூட்லயும் அட்டெண்டன்ஸ் உண்டா?"

நவநீதன் பதில் சொல்லவில்லை. அவன் என்றைக்குத்தான் சொன்னான்? ஆனால் பதில் சொல்லாத ஆண்பிள்ளையைப் பற்றி ஊரே பதில் சொல்லிவிடும். 'மனசுக்குள்ள புகைச்சல், பொண்டாட்டி மேல போறது புடிக்கல' என்று டீக்கடை முடிவு செய்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நாள் வந்தது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது வழக்கம்போல அவன் உப்போடு வந்திருக்கிறான். அவளுக்கு இருந்த பதற்றத்தில், "இன்னிக்கு ஒரு நாளாவது என்ன பேஜார் பண்ணாம இருங்க" என்று கத்திவிட்டாள். வண்டியில் வரும்போது இருவரும் பேசவில்லை. இதெல்லாம் பிறகு அவளே சொன்னது.

டிரம்மில் எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசி வேலை எண்ணெய் கொடுப்பது. தோல் காயும்போது தண்ணீர் வெளியேறிவிடும். அதுவரை தண்ணீரைப் பிடித்திருந்த நார்கள் கை காலியாகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தோல் அட்டையாகிவிடும். அப்படி ஆகாமல் நார்களுக்கு நடுவே எண்ணெய் போய் உட்கார வேண்டும். ஆனால் தோல் இருப்பது தண்ணீரில். எண்ணெய்க்குத் தண்ணீர் ஆகாது. இதற்காகவே தயார் செய்த எண்ணெய் ஒன்று உண்டு. அதன் மூலக்கூறின் நீண்ட வால் எண்ணெய்தான். தலையில் மட்டும் எதிர்மின் ஏற்றியிருக்கும். வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று சின்னச் சின்னத் துளிகளாகத் திரண்டு நிற்கும். எல்லாத் தலையும் எதிர்மின் என்பதால் ஒரு துளி இன்னொரு துளியை அண்ட விடாது. அதனால் ஒன்று சேர்ந்து மிதக்காமல், தண்ணீர் முழுக்கப் பால் மாதிரி பரவி நிற்கும்.

நான் கொடுத்த எண்ணெயை அவள் தொட்டியில் வெந்நீரில் கலக்கினாள். ஒரு சொட்டைக் கண்ணாடி டம்ளரில் விட்டுப் பார்த்தாள். நல்ல பால் வெள்ளை. டீ நேரம், மற்றவர்கள் கடைக்குப் போயிருந்தார்கள்; அப்போது பார்த்து ரஷீத் சார் ஆபீசுக்குக் கூப்பிட்டார். போய்விட்டுக் கால் மணி நேரத்தில் வந்தாள். தொட்டியைத் திரும்பப் பார்க்காமல், எண்ணெய்ப் பாலைக் குழாய் வழியாக டிரம்முக்குள் விடச் சொன்னாள். நவநீதன் திறந்துவிட்டான். டிரம் உருண்டது.

டிரம்மைத் திறந்து தண்ணீரை வடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எண்ணெயெல்லாம் தோலுக்குள் போயிருந்தால் வடிகிற தண்ணீர் தெளிந்து வரும். அன்றைக்கு வந்தது ரசத்தின் மேல் நிற்கிற எண்ணெய் போல வட்டம் வட்டமாக. தோல்கள் மேலே வழவழவென்று கையில் ஒட்டின. அவள் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினாள். சூட்டில் காய வைத்துப் பார்த்தபோது அது மேலே பிசுக்கும் உள்ளே அப்பளமுமாக இருந்தது.

ஷெட்டில் ஆளாளுக்குப் பேசினார்கள். தண்ணீர் சரியில்லை என்றார் ஒருவர். எண்ணெய் பழசு என்று என்னைப் பார்த்தார் இன்னொருவர்; அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எழிலரசி யாரிடமும் பேசாமல் காலித் தொட்டிக்குள் குனிந்தாள். அடியில் கரையாத உப்புக் கற்கள் கிடந்தன. சமையல் உப்பு இல்லை, பழுப்பு உப்பு. நடுவில் ஒன்றிரண்டு ஆட்டு மயிர். பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவி, பின்பு உதறிக் கொட்டுகிற உப்பு அது. பச்சைத் தோல் கிடங்கு ஷெட்டின் மறு கோடியில் இருக்கிறது. அங்கிருந்து அது தானாக வந்து விழுந்திருக்க முடியாது. அவள் ஆபீசுக்குப் போயிருந்தபோது தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவன் ஒருவன்தான்.

அன்று மாலை கேட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். நவநீதன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். அவள் ஏறவில்லை.

"தொட்டியில உப்பு போட்டது நீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். "ஆமா."

அவ்வளவுதான். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வந்த பஸ்ஸில் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் முகம் அப்படிச் செத்துப்போய் நான் பார்த்ததில்லை. எனக்கு நவநீதன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கட்டினவளுக்கே குழி வெட்டுகிறவனும் உண்டா என்று கடைக்காரரிடம் புலம்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ரஷீத் சார் ஷெட்டுக்கே வந்தார். கெட்ட தோல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லோரும் சுற்றி நின்றோம்.

"இன்னா ஆச்சும்மா?"

"தொட்டியில உப்பு விழுந்திருக்கு சார். நெறைய. எண்ணெய்த் துளியோட தலையெல்லாம் எதிர்மின். உப்பு கரைஞ்சா சோடியம் நேர்மின்னா வெளிய வரும். அது போய் தலைங்கள சுத்தி மொய்ச்சிக்கும். துளிங்க ஒண்ண ஒண்ணு தள்றது நின்னு போய்டும். ஒண்ணா சேந்து எண்ணெய் தனியா பிரிஞ்சிடும். உள்ள போக வேண்டியது மேலயே நின்னு போச்சி."

"சரி, உப்பு யாரு போட்டது?"

அவள் அடுக்கின் மேலிருந்த தோலை நீவிவிட்டாள்.

"தானா நடந்து வந்துச்சா? சொல்லும்மா. யாருன்னு தெரிஞ்சாதான் நான் மேல பேச முடியும். இல்லன்னா உன் டிரம்மு, உன் பொறுப்புன்னுதான் சொல்லுவாங்க."

சொன்னால் வீடு போகும், சொல்லாவிட்டால் வேலை போகும். அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றாள். ரஷீத் சார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப லேப்க்கே போய்டும்மா" என்றார். அவருக்கும் அதில் வருத்தம்தான்.

அப்போது பின்னாலிருந்து நவநீதன் வந்தான். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"உப்பாலயா கெட்டுச்சி?" என்று அவளிடம் கேட்டான். பிறகு ரஷீத் சாரிடம் திரும்பினான். "நான்தான் சார் போட்டேன்."

ஷெட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. துரைசாமி, 'நான் சொல்லல?' என்கிற மாதிரி எல்லோரையும் பார்த்தார்.

"எதுக்குப் போட்ட?"

"திருஷ்டிக்கு சார்."

"இன்னாது?"

"எல்லாரும் அவளையே பாக்கறாங்க சார். மொத பொம்பள, மொத பொம்பளன்னு. வூட்ல சுத்திப் போடலாம்னா நிக்க மாட்டேன்றா. அதான் டிரம்முக்குச் சுத்தினேன். டிரம்மு இவ்ளோ பெருசா இருக்குதே, ஒரு கை உப்பு இன்னாத்துக்கு ஆவும்னு பச்சத் தோல் குடோன்ல இருந்து சவுள்ள அள்ளியாந்தேன். தண்ணியில கரையணும். பக்கத்துல அந்தத் தொட்டிதான் இருந்துச்சி."

"எண்ணெய்ல போய் உப்ப போடுவியா?"

"தோலு வர்றப்பவே உப்புலதானே சார் வருது. பதம் போடறதுக்கு முன்னாடியும் உப்புத் தண்ணியிலதான் ஓட்டறோம். தோலுக்கு உப்பு புதுசான்னு நெனச்சிட்டேன்."

ஷெட்டே சிரித்தது. துரைசாமி டிரம்மைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாழ்நாள் முழுக்கப் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் ஒதுங்கி நின்ற ஒருவன், இனி ஓய்வு பெறும் வரை கேட்கப்போகிற கேலியை அன்று தன் வாயாலேயே வாங்கிக்கொண்டான்.

ரஷீத் சார் சிரிக்கவில்லை. "பொண்டாட்டிய காப்பாத்த நீயா ஒரு கதை சொல்ற. மேல கேட்டா நான் இன்னா காட்டறது?"

"வேணும்னா சுத்திக் காட்டறேன் சார்."

போய் மண் அள்ளுகிற சவுளில் உப்பை அள்ளிக்கொண்டு வந்தான். அத்தனை பேர் பார்க்க, அத்தனை பேர் சிரிக்க, அந்தப் பெரிய டிரம்மின் முன்னால் நின்று சவுளைத் தூக்கி இடமிருந்து வலமாக மூன்று தடவை சுற்றினான். உதடு எதையோ முணுமுணுத்தது. உப்பு கொஞ்சம் சிந்தியது. மூன்றாவது சுற்றில் சிரிப்பு தானாகவே அடங்கிவிட்டது.

எழிலரசி என்னிடம் வந்து இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வெந்நீரில் அதே எண்ணெயைக் கலந்து இரண்டிலும் ஊற்றினாள். இரண்டும் பால். அவன் சவுளிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து ஒன்றில் மட்டும் போட்டுக் கலக்கி, ரஷீத் சார் முன்னால் வைத்தாள். சற்று நேரத்தில் அந்தப் பால் திரிந்தது. மேலே மஞ்சளாக எண்ணெய், கீழே கலங்கல் தண்ணீர். மற்ற டம்ளர் வெள்ளையாகவே நின்றது.

ரஷீத் சார் இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். "திருஷ்டிக்கு எங்க வூட்ல மொளகா, உங்க வூட்ல உப்பு" என்றார். "நல்ல வேள, நீ மொளகா போடல." பிறகு அவளிடம், "இத சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் சார். எண்ணெய் மேலதான் நிக்குது. ஒரு பக்கம் எண்ணெயையும் ஒரு பக்கம் தண்ணியையும் புடிக்கிற சோப்பு இருக்குது. அதப் போட்டுக் கழுவிட்டு, திரும்பவும் எண்ணெய் குடுக்கணும்."

அன்றைக்கே கழுவினாள். திரும்ப எண்ணெய் கொடுத்தாள். எல்லாத் தோலும் பழைய தரத்துக்கு வரவில்லை. சிலவற்றை மேல்பகுதிக்குப் பதிலாக ஷூவின் உட்பக்கம் வைக்க ஒதுக்கினார்கள். மிச்சம் மெத்தென்று வந்தது. முதலாளி வீட்டிலும் தொட்டுப் பார்த்தார்கள். பதவி அவளுக்கு வந்தது. நவநீதனைச் சாயம் பூசுகிற பகுதிக்கு மாற்றினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஷெட்டில் வேண்டாம் என்று காரணம் சொன்னார்கள். அங்கே போயும் அவன் பெயர் 'உப்பு' தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான்.

டீக்கடையில் அவன் சொன்ன அந்த 'ஆமா'வை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதை அவனிடம் அவள் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். "ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் சார். கேக்காம பஸ் ஏறிட்டேன்." சொல்லிவிட்டு ஆறிப்போன டீயை ஒன்றும் சொல்லாமல் குடித்தாள்.

போன மாதம் அவசரமாக ஒரு சரக்குச் சீட்டில் அவள் கையெழுத்து வாங்க, காலையில் அவர்கள் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். புது ஆர்டர், புது வகைத் தோல், முதல் டிரம் அன்றைக்கு. அவள் டிபன் பையோடு வாசலில் நின்றாள். அவன் உள்ளேயிருந்து ஒரு கை கல்லுப்போடு வந்தான். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தான்.

"சார்தானே, இன்னா இப்ப" என்றாள் அவள். பையைக் கீழே வைத்தாள். கிழக்கே பார்த்து நின்றாள். "சீக்கிரம் சுத்துங்க, நேரமாவுது."

அவன் மூன்று சுற்றுச் சுற்றினான். வாசலில் ஒரு சொம்பில் வெறும் தண்ணீர் இருந்தது. அதில் உப்பைப் போட்டான். அவள் குனிந்து, கடைசிக் கல் கரைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டாள்.